ஒரு முதுகும் ஒரு பாயும்

இதை எழுதுவதற்கென்று நான் வாங்கிய கொப்பிகள் நாலைந்து இருக்கும். முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு இரண்டு வரி எழுதுவேன். மூன்றாவது வரியில் கை நின்றுவிடும். பிறகு அந்தக் கொப்பியில் மனைவி கடைச் சாமான்களை எழுதத் தொடங்கிவிடுவாள். இப்படியே வருடங்கள் போய்விட்டன.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்தில் இறங்கியவன். சைவக்காரன். வேறொரு சமயத்தவர் கும்பிடுகிற இடத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று நினைத்தேன். இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. இந்த விஷயத்தில் நான் ஒரு களவு செய்தேன். அதை மறைத்து எழுதினால் மிச்சமெல்லாம் பொய்யாகிவிடும். சொல்லி எழுதினால் வெட்கம். அந்த வெட்கத்தை விழுங்கத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.

எங்கள் ஊர் சுன்னாகத்துக்குப் பக்கத்தில். வெங்காயம் முக்கியம், இடையில் மரவள்ளியும் பூசணியும். தோட்ட வேலை போக எனக்கு இன்னொரு வேலை உண்டு. கோயில் திருவிழாக்களில் படம் எடுப்பேன். மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு கமராவைத் தந்துவிட்டுப் போனான். அதை வைத்துத் தட்டித் தடவிப் பழகினேன். கோயிலுக்குள் தோற்பொருள் கொண்டு போவதில்லை என்பதால், கமராவோடு வந்த தோல்வாரைக் கழற்றிவிட்டு, என் பழைய சால்வையைக் கிழித்து மடித்துத் தைத்து மனைவி ஒரு வார் செய்து தந்தாள். இன்றைக்கும் அதுதான் என் கழுத்தில். சேட்டைக் கழற்றி, வேட்டியோடு, வெறும் மேலோடுதான் படம் எடுப்பேன். தேரை எடுப்பேன், காவடியை எடுப்பேன். மூலஸ்தானத்தின் பக்கம் கமராவைத் திருப்பவே மாட்டேன். ஐயர் சொல்லித் தடுத்ததில்லை. சின்ன வயதிலிருந்தே அது ஊறிப்போன விஷயம்.

சுன்னாகம் சந்தையில் எனக்குப் பக்கத்தில் வெங்காயம் வைப்பவர் ஒரு அண்ணை. என்னைவிட ஆறேழு வயது மூப்பு. வெள்ளைச் சேட்டு, இடுப்பில் வெள்ளைச் சாரம். சந்தையில் எல்லோருக்கும் அவர் 'வெள்ளைச் சட்டையர்'. பண்டத்தரிப்புப் பக்கம் ஓர் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களாக இருக்கும் ஒரு சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அவர்கள் வெள்ளைதான் உடுப்பார்கள். நகை போடுவதில்லை. வீட்டில் டிவி இல்லை. படமும் இல்லை. அடையாள அட்டைக்கு எடுக்கத்தான் வேண்டும், எடுப்பார்கள். ஆனால் தங்களுக்கென்று கமராவுக்கு முகம் காட்டி நின்று, அதை வீட்டில் வைத்துப் பார்ப்பது அவர்களுக்குப் பாவம்.

சந்தை இதை விடுமா?

"வெள்ளைச் சட்டையரே, வெங்காயத்துக்கு மட்டும் ஏன் சிவப்பு உடுத்தி விட்டனீர்?" என்று பூசணிக்காய்க்காரர் ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"உரிச்சுப் பாரும். உள்ளுக்கை அதுகும் எங்கடை ஆள்தான்" என்பார் அண்ணை.

அவருக்கு ஒரு தம்பி. அவர்கள் குடும்பம் அப்போது எங்கள் ஊரில்தான் இருந்தது. அவனும் நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நீலத் துணியில் காற்சட்டை. என் அம்மா ஒரு துண்டாக வாங்கி இரண்டு பேருக்கும் தைத்தா. அவன் இருபது வயதில் ஸ்ரூடியோ ஒன்றுக்குப் போய், இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்தான். எடுத்ததோடு விடவில்லை. கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டான். தகப்பன் கழற்றினார். இவன் மறுபடி மாட்டினான். மூன்றாம் நாள் வாய்ச்சண்டை வந்தது. அந்த மாதமே வீட்டை விட்டுப் போனவன், கொழும்பு, பிறகு பிரான்ஸ் என்று போய் அங்கேயே தங்கிவிட்டான். தகப்பன் காலமானபோதும் வரவில்லை. தமையனோடு வருடத்துக்கு ஓரிரு தடவை தொலைபேசியில் கதைப்பான். "சுகமோ?" "சுகம்." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வராது. முகம் பார்த்துக் கதைக்கிற வசதியெல்லாம் வந்த பிறகும் அண்ணை அதற்குச் சம்மதிக்கவில்லை.

ஒரு நாள் அவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான்.

"மச்சான், எனக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பிரேசன் செய்யப் போறாங்கள். வாற மாதம்."

அவனே தொடர்ந்தான்.

"பயப்படாதை. இஞ்சை உது தினமும் செய்யிறாங்கள். ஆனால் மச்சான், அதுக்கு முதல் எனக்கு அண்ணையை ஒருக்காப் பாக்கவேணும். முப்பது வருசமாச்சு. மனுசன் இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் இருபத்தாறு வயது அண்ணைதான் வாறார். நீ படம் எடுக்கிறனி. ஒரு படம் எடுத்து அனுப்படா."

"கொண்ணை விடமாட்டாரேயடா."

"கேட்டால் விடமாட்டார். கேளாமல் எடு. பக்கத்திலைதானே இருக்கிறார்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாட் காலை வெங்காய மூட்டைகளோடு கமராவும் சந்தைக்கு வந்தது.

பூசணிக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றேன். தூரத்தை இழுத்துக் கிட்டவாகக் காட்டும் லென்ஸ் இருந்தது. அண்ணை ஒரு வெங்காயப் பிடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்தார். அமத்தினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த படங்களில் அதுதான் திறம் என்று இப்போதும் சொல்வேன். வெங்காயத் தாளுக்குள்ளால் விழுந்த வெயில், நரைத்த தாடி, சிரிப்பு, ஒவ்வொரு சுருக்கமும். முருகன் தேரில் வரும்போதுகூட எனக்கு அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை.

அன்று பின்னேரம் மனைவிக்குக் காட்டினேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"அவருக்குத் தெரியுமோ?" என்றாள்.

"தெரியாது."

"கமராவைத் தந்தது என்ரை தம்பி. களவெடுக்கத் தரேல்லை."

"சாகக் கிடக்கிறவன் கேட்கிறானப்பா."

"சாகக் கிடக்கிறவன் எண்டு நீங்களே சொல்லி முடியாதேங்கோ. உங்களிட்டை ஒண்டு கேட்கிறன். எங்கடை மூலஸ்தானத்தை ஆரேனும் ஒளிச்சு நிண்டு படமெடுத்து, 'நல்லா வந்திருக்கு பாருங்கோ' எண்டு காட்டினால் என்ன செய்வியள்?"

"கமராவைப் பறிச்சு எறிவன்."

"அப்ப உதை உங்கடை கையாலையே எறியுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எறியவுமில்லை, அனுப்பவுமில்லை. மூன்று நாட்கள் அந்தப் படம் கமராவுக்குள் கிடந்தது. மூன்று நாட்களும் அண்ணைக்குப் பக்கத்திலிருந்து வியாபாரம் செய்தேன். தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் தந்தார். என் மூத்த மகளின் பள்ளிக்கூடச் சோதனை எப்படி என்று கேட்டார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடப் போனேன். நாலாவது வரியில் எனக்குப் பாட்டு மறந்து போனது. ஏழு வயதிலிருந்து பாடுகிற பதிகம் அது. ஐயர் திரும்பிப் பார்த்தார். எனக்கு அது போதும்.

சனிக்கிழமை சந்தை கலைகிற நேரம் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியின் ஒப்பிரேசனைச் சொன்னேன். அவன் கேட்டதைச் சொன்னேன். பூசணிக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

அவர் வெங்காயத் தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"அனுப்பிப்போட்டியோ?"

"இல்லை அண்ணை."

"ஏன்?"

"கேளாமல் எடுத்தது. மனம் ஏவேல்லை."

"எனக்குக் காட்டாதை" என்றார். "அழி."

கமராவை எடுத்தேன். "இரண்டு தரம் அமத்தவேணும் அண்ணை. நீங்களும் பாருங்கோ, அழிஞ்சதோ எண்டு."

"நான் பாத்தால் என்ரை மூஞ்சையை நான் பாத்ததாய்ப் போயிடும். நீ சொன்னால் சரி."

அழித்தேன். அந்தச் சிரிப்பு போய்விட்டது. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. அவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வெங்காயச் சாக்கில் குந்தினார்.

"நெஞ்சையோ திறக்கப் போறாங்கள்?" என்றார். "அவனுக்கு ஊசிக்கே பயம். பள்ளிக்கூடத்திலை ஊசி போட வந்தால் வேலி பாய்ஞ்சு ஓடுறவன்."

"தெரியும். நானும் சேர்ந்துதான் பாய்ஞ்சனான்."

சிரித்தார். எழும்பும்போது, "நான் கேட்டுச் சொல்லுறன்" என்றார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அவர்களுடைய சபையை நடத்துகிற ஊழியக்காரரிடம் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஊழியக்காரர் சபையையும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் நான் வரலாம். ஒருவரின் முகமும் படத்தில் விழக்கூடாது. படத்துக்கென்று ஒருவரும் நிற்கமாட்டார்கள், இருக்கமாட்டார்கள். ஒரு படம்தான். அது ஒருவனுக்குத்தான் போகவேண்டும். என்னிடமும் இருக்கக்கூடாது.

"முகம் தரேலாது. முதுகு தாறன். காணுமோ அவனுக்கு?" என்றார் அண்ணை.

"போதும் எண்டுதான் நினைக்கிறன். எப்பிடி வரவேணும் நான்?"

"எப்பிடியோ? சுத்தமாய் வா."

சுத்தம் என்றதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி விளங்கிக்கொண்டேன். வெள்ளியிலிருந்து மரக்கறிதான். ஞாயிறு விடிய முழுகி, திருநீறு பூசி, தோய்த்த வேட்டி, சால்வை, சேட்டு. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "தேருக்குப் போற மாதிரிப் போறியள்" என்றாள். எனக்கு அது தேர் மாதிரித்தான் இருந்தது.

அந்தச் செபவீடு ஓட்டுக்கூரை போட்ட ஒரு நீளமான அறை. சிலுவைகூட இல்லை. வெள்ளைச் சுவர், யன்னல்கள், பாய்கள். வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே வெள்ளைச் சேலையால் தலையை மூடிய பெண்கள் ஒரு பக்கம் இருந்தார்கள். இது கடவுள் இருக்கிற இடம், நான் மரியாதையாக நுழையவேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு. கை தன்பாட்டில் போனது. சேட்டைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடு உள்ளே கால் வைத்துவிட்டேன்.

பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைத்தடியோடு வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாதான் வாய் திறந்தா.

"தம்பி, உங்கடை கோயிலிலை சேட்டைக் கழட்டினால் மரியாதை. இஞ்சை போட்டால்தான் மரியாதை. கெதியாய்ப் போடும், பொம்பிளையளுக்குக் கழுத்து நோகப் போகுது!"

ஊழியக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான் உள்ளும் புறமுமாகச் சேட்டைப் போட்டுக்கொண்டு, திரும்பக் கழற்றி, சரியாகப் போட்டேன். போட்ட பிறகு இன்னொரு பயம் வந்தது.

"ஐயா, திருநீறு பூசியிருக்கிறன். அழிக்கவோ?"

"அது உம்மடை நெத்தியப்பா" என்றார் ஊழியக்காரர். பிறகு கமராவின் துணிவாரைத் தொட்டுப் பார்த்து, "இதென்ன சால்வையிலை?" என்று கேட்டார். கோயிலுக்குத் தோல் ஆகாது என்று சொன்னேன். "எங்களுக்குத் தோல் பிழையில்லை. எண்டாலும் நல்ல வார்" என்றார். அந்தச் சேட்டுப் பகிடிக்குப் பிறகு ஒருவரும் என்னை அந்நியனாகப் பார்க்கவில்லை. என் மடத்தனம் எனக்கு நல்லதைத்தான் செய்தது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பனையோலைப் பாய். மூலையில் நிறத்துணி தைத்த அடையாளம். அண்ணை தன் பாயைச் சுவரோரத்திலிருந்து எடுத்து விரித்தார். பச்சைத் துணி. பிறகு இன்னொரு பாயை எடுத்து, பக்கத்தில் ஒட்டினாற்போல் விரித்தார். புதுப்பாய். ஓலை மணம் கூடப் போகவில்லை. அதன் மூலையில் ஒரு நீலத் துணித் துண்டு. நிறம் மங்கி, நூல் பிரிந்து, பலமுறை அவிழ்த்து மறுபடி தைத்த தையல்.

அந்தத் துணி எனக்குத் தெரியும். என்னிடமும் அதே துணியில் ஒரு காற்சட்டை இருந்தது.

கிட்டப் போய்க் குனிந்து மெல்லக் கேட்டேன். "அண்ணை, இது அவன்ரையோ?"

"ஓம். அவன் வீட்டை விட்டுப் போன கிழமை எங்களைப் பெத்த ஐயா சொன்னவர், பாயை எறியாதேங்கோ எண்டு. பேந்து அது உக்கிப் போச்சுது. புதுசு வாங்கினன். அதுகும் உக்கிச்சுது. இது எத்தினையாவதோ."

"அவனுக்குச் சொன்னியளோ?"

"இல்லை. சொன்னால் வா எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி. வாறதெண்டால் அவன்ரை மனதோடை வரவேணும்."

அப்போதுதான் எனக்குச் சிக்கல் விளங்கியது. முதுகை எடுத்தால் பாயும் விழும். இவர் முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை என் கமரா சொல்லிவிடும். கொஞ்சம் இடம் மாறி நின்றால் பாயை விட்டுவிட்டும் எடுக்கலாம். ஒருமுறை கேளாமல் எடுத்தவன் நான். இந்த முறை கேட்டேன்.

"அண்ணை, பாயைப் படத்திலை விழுத்தவோ, விடவோ?"

கைத்தடி அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு அண்ணை சொன்னார்.

"நான் இப்ப எப்பிடி இருக்கிறன் எண்டு பாக்கத்தானே அவன் கேட்டவன். நான் இருக்கிறது இந்தப் பாய்க்குப் பக்கத்திலை. அதை வெட்டிப்போட்டு எடுத்தால் அது பொய்ப் படம். உள்ளபடி எடு."

சொல்லிவிட்டு முழங்காலில் நின்றார். நான் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டார். செபத்துக்குக் குனிந்தார். வெள்ளைச் சேட்டு, இடது தோளில் மூட்டை சுமந்து தேய்ந்த இடத்தில் ஓர் ஒட்டு. கொஞ்சம் கூனிய முதுகு. பக்கத்தில் வெறும் பாய். யன்னல் வெளிச்சம் இரண்டிலும் ஒரே அளவாக விழுந்தது. அமத்தினேன். ஒரு தரம்தான்.

வெளியே வரும்போது அந்த அம்மா என் வேட்டியைத் தடியால் தட்டினா.

"என்ரை மூஞ்சை விழுந்ததோ?"

"இல்லையம்மா. உங்கடை கைத்தடி நுனி மட்டும் விழுந்திருக்கு. வேணுமெண்டால் திரும்ப எடுக்கிறன்."

"வேண்டாம், விடும். தடிக்குப் பெருமை வராது."

வழக்கமாக நான் படங்களைக் கொம்பியூட்டரில் போட்டு மினுக்குவேன். கலியாண வீட்டுக்காரருக்கு அது வேண்டும். முகம் வெளுக்கவேண்டும், சேட்டுச் சுருக்கம் போகவேண்டும். இந்தப் படத்தில் கை வைக்கவில்லை. ஒட்டும் அப்படியே, கூனும் அப்படியே, தடி நுனியும் அப்படியே. அன்று மத்தியானமே அவனுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததென்று தெரிந்ததும் கமராவிலும் தொலைபேசியிலும் அழித்தேன். அந்தப் படத்தை யாருக்கும் காட்ட என்னால் முடியாது. என்னிடம் இல்லை.

அன்று முழுக்க அவனிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்த நாள் காலை தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது.

"மச்சான்" என்றான். "அண்ணைக்கு முதுகு கூனிப் போச்சு என்ன?"

"கொஞ்சம்."

"அந்தப் பாய் மூலையிலை ஒரு நீலத் துணி... பெரிசாக்கிப் பாத்தனான். அது எங்கடை காற்சட்டையடா."

"கொண்ணையைக் கேள்" என்றேன். "எனக்கு வாய்க்காலிலை தண்ணி உடைக்குது, வைக்கிறன்."

வாய்க்கால் உடைக்கவில்லை. சிவபெருமானே, அந்த ஒரு பொய்யை மன்னித்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை சந்தையில் அண்ணை தாமதமாக வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது. மூட்டையை இறக்கிவிட்டு, "கதைச்சவன்" என்றார்.

"என்னவாம்?"

"என்னவோ எல்லாம். ஒரு மணித்தியாலம். காது சுட்டுப்போச்சு." தான் கட்டிய வெங்காயப் பிடிகளில் நல்லதாக ஒன்றைத் தேடி எடுத்து என் சாக்குக்குள் வைத்தார். நானே வெங்காயக்காரன். எனக்கு வெங்காயம்! பூசணிக்காய்க்காரர் அதற்கு ஒரு பகிடி விட்டார். இரண்டு பேருக்கும் அது காதில் ஏறவில்லை.

ஒப்பிரேசன் நல்லபடி முடிந்தது. எங்கள் பிள்ளையாருக்கு நான் நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்திருந்தேன், உடைத்தேன். அவர்கள் சபையிலும் அன்று உபவாசம் இருந்தார்களாம். எந்தக் கடவுள் கேட்டார் என்று நானும் அண்ணையும் வாதாடவில்லை. அவன் இப்போது சுகமாக இருக்கிறான். வாராவாரம் தமையனோடு கதைக்கிறான், முகம் பார்க்காமல்தான். இன்னும் வரவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை. அண்ணையும் வா என்று சொல்லவில்லை. பாய் ஒவ்வொரு ஞாயிறும் விரிக்கப்படுகிறது. எனக்கு மனதில் குறை ஒன்றும் இல்லை. இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வெங்காயம் விற்கிறோம்.

இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம், இந்தக் கதை ஊரில் பிழையாக நடமாடுவதுதான். ஒருவர் என்னிடமே சொன்னார், வெள்ளைச் சட்டையர் கமராவைப் பார்த்து அழுதாராம். இன்னொருவர் சொன்னார், தம்பி பிளேனில் வந்திறங்கி நேரே அந்தப் பாயில் விழுந்தானாம். நான் மதம் மாறிவிட்டேன் என்றுகூட ஒரு கதை. அண்ணையிடம் போய், உள்ளதை உள்ளபடி எழுதவோ என்று கேட்டேன். பெயர் போடாதே, களவையும் விடாதே, மினுக்காதே என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

வாசித்தவர்கள் விரும்பினால் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது நான் செய்த களவையும் சேட்டுக் கழற்றியதையும் சேர்த்தே சொல்லுங்கள். அண்ணையின் முகத்தை நீங்களாகக் கீறிக் காட்டவேண்டாம். கேட்கிறவர்களுக்கு இனிக்கவேண்டும் என்று அந்தப் பாயில் ஒருவரையும் கொண்டுவந்து இருத்திவிடவும் வேண்டாம். அது விரித்தபடி, வெறுமையாக, அவன் வரும்வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.